காலை 290, மாலை 290

2023 ஜனவரி 18, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. காணும் பொங்கலுக்கு மறுநாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நிழலில் நின்றால் குளிர், வெயிலில் நின்றால் முதுகு சுட்டது. செகந்திராபாத்தில், தார்நாகாவில் எங்கள் தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை மின்கம்பிகளில் கிழிந்த காற்றாடிகள் பதினேழு தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில், அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நான் நாலாக மடித்தேன். சட்டைப் பையில் வைக்கவில்லை. மெல்லிய துணி, வெளியே தெரியும். கையிலிருந்த நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். சீட்டு என் மகளுக்காக எழுதப்பட்டது. அதை அவள் கண்ணால் பார்க்க இருநூற்று எட்டு நாட்கள் ஆயின.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அமீர்பேட்டில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று வகுப்புகள், ஆறு மணி நேரம் நின்றபடி பேச்சு. முந்தின அக்டோபர் 9ஆம் தேதி இரவு சாப்பாட்டின்போது முதல்முதலாக இருமினாள். நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். அந்த இருமல் ஜனவரி 18 அன்று நூற்றிரண்டாவது நாளில் இருந்தது.

எனக்கு ஆஸ்துமா. நாற்பது வருடமாக அதோடு குடும்பம் நடத்துகிறேன். ஆகவே மகளுக்கு மூச்சு இழுக்கும்போது விசில் கேட்க ஆரம்பித்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. "இது நம்ம வீட்டு இருமல்தான்" என்றேன். என் பம்ப்பை எடுத்துக் கொடுத்து, எப்படி அழுத்துவது, எத்தனை எண்ணும் வரை மூச்சை உள்ளே பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பகுதி டாக்டரும் அதையே ஒப்புக்கொண்டார். அப்பாவுக்கு இருப்பது பெண்ணுக்கு வருவதில் என்ன ஆச்சரியம் என்றார். எனக்கு உள்ளூரச் சின்னப் பெருமைகூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு என் மூக்கு இல்லை, என் நிறம் இல்லை, நெல்லிக்காயும் மாம்பழமும் பிடிக்கும் அவள் அம்மாவின் ருசிதான் அவளுக்கும். கடைசியில் என்னிடமிருந்தும் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

என்னிடம் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் உண்டு. பிளாஸ்டிக் குழாய். வேகமாக ஊதினால் ஒரு சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதற்கு அது அளவு. காலையும் மாலையும் ஊதி எழுதிவைப்பது என் பழக்கம். நவம்பரிலிருந்து அவளையும் ஊதச் சொன்னேன். நோட்டில் இடது பக்கம் என் எண்கள், வலது பக்கம் அவள் எண்கள். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"நக்கோ, நக்கோ. வேணாம், காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. இட்லியையும் எண்ணித்தான் தின்றீங்க, இப்ப அவ மூச்சையும் எண்ணணுமா?"

"எழுதி வெச்சாத்தான் டாக்டருக்குச் சொல்ல முடியும்."

"அவ மொகத்தப் பாத்தா போதும். நோட்டு எதுக்கு?"

மகள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே ஒரு முறை ஊதிவிட்டு ஓடுவாள். "எழுதிக்கோங்க அப்பா, லேட் ஆயிடுச்சு."

ஜனவரி 18 அன்று நாங்கள் பார்த்தது எங்கள் பகுதி டாக்டரை அல்ல. அவர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். மகளின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றிப் பதினொரு முறை வைத்தார். இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை. அதற்குள் மகளின் செல்போன் அடித்தது. வகுப்பில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லையாம். அவள் வெளியே தாழ்வாரத்துக்குப் போனாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "விசில் இடது பக்கம் மட்டும்தான் கேட்கிறது. ஒரே இடத்தில்."

"ஆஸ்துமா டாக்டர். எனக்கும் உண்டு."

"திரும்புங்கள்" என்று என் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "உங்களுக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது. மேலே, கீழே, எல்லா இடத்திலும். ஆஸ்துமா அப்படித்தான் கேட்கும். அவருக்கு அப்படி இல்லை."

"எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. சளிப் பரிசோதனை இரண்டு முறை. இரண்டும் நெகட்டிவ்." மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"எக்ஸ்ரேயில் நுரையீரல் தெரியும். பெரிய குழாயின் உட்சுவரில் புண் இருந்தால் தெரியாமல் போகலாம். அந்தப் புண்ணிலிருந்து வருவது சளியோடு வெளியே வராவிட்டால் சளிப் பரிசோதனையும் நெகட்டிவ் என்றுதான் சொல்லும். மூன்று மாத இருமல், ஒரு பக்கம் மட்டும் விசில், இந்த வயதுப் பெண். நான் முதலில் மூச்சுக்குழாயில் வரும் டிபியைத்தான் நினைப்பேன்."

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்பட ஒன்றுமில்லை. பிராங்கோஸ்கோபி செய்து குழாய்க்குள் பார்க்க வேண்டும். சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். டிபி என்றால் மாத்திரை இலவசம், ஆறு மாதத்தில் குணமாகும். ஆனால் தாமதிக்கக் கூடாது. புண் ஆறும்போது தழும்பு போட்டுக் குழாயையே இறுக்கிவிடும். அவரிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?"

"நான் சொல்கிறேன்" என்றேன்.

வெளியே மகள் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"பம்ப்பை இன்னும் ஒரு வேளை சேர்க்கச் சொன்னாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். பதினோரு நாள் கழித்து, 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். பையனுக்கு இங்கே ஐ.டி. வேலை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் மாப்பிள்ளை கிடைப்பதே பெரிய பாடு. முந்தின நான்கு ஜாதகங்கள் பொருந்தவில்லை. இது ஐந்தாவது. பையனின் அப்பா போனில் என்னிடம் கேட்டிருந்தார்.

"பொண்ணுக்கு ஒடம்புல ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே?"

"லேசா வீசிங் உண்டு. என் பக்கத்துச் சொத்து" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அட, இந்த ஊரு தூசில யாருக்குத்தானுங்க இல்ல?"

ஆஸ்துமாவைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. இன்னொன்றைச் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பார். என் சின்ன வயதில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் அந்த நோய் வந்தது. அந்த வீட்டில் மூன்று பெண்கள். மூவருக்கும் கல்யாணமாகவில்லை. இது எனக்கு நினைவிருந்தது. பிராங்கோஸ்கோபி செய்தால் டிபி என்று வரும், வந்தால் அரசாங்கப் பதிவில் பெயர் ஏறும், ஏறினால் வீட்டுக்கு ஆள் வருவார்கள். 29ஆம் தேதி கழியட்டும், அதன் பிறகு பார்க்கலாம். நான் ஒதுக்கியது பதினோரு நாள்தான்.

அவர்கள் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். ஐம்பது நிமிடம் இருந்தார்கள். மகள் ஆறு முறை இருமினாள். ஒவ்வொரு முறையும் என் மனைவி ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்துச் சத்தம் செய்தாள். பத்து நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டியதாகவும் சரியாக வரவில்லை என்றும் மரியாதையாகச் சொன்னார்கள்.

அன்றைக்காவது அந்தச் சீட்டை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் இருபத்தொரு நாள் மறைத்ததைச் சொல்ல வேண்டும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நோட்டு.

நான் முப்பத்துமூன்று வருடம் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவன். தராசுகளைச் சரிபார்ப்பது என் பிரிவு. ஒரு மூக்குத்தி எடையைக்கூட ஆயிரத்தில் ஒரு பங்குவரை காட்டும் தராசுகள். ஒரே எடைக்கல்லைப் பத்து முறை வைத்து எடுப்போம். பத்து முறையும் ஒரே எண் வந்தால் அந்தத் தராசை நம்பலாம், பச்சை ஸ்டிக்கர் ஒட்டலாம். எண் குதித்தால் சிவப்பு ஸ்டிக்கர். முப்பத்துமூன்று வருடம் இதைச் செய்தவனுக்கு மாறாத எண்ணைப் பார்த்தால் மனம் அமைதியாகிவிடும்.

என் எண்கள் குதிக்கும். காலை 250 என்றால் மாலை 330. பம்ப் அடித்தால் 350. மழை வந்தால் 210. அவள் எண்கள் குதிக்கவே இல்லை. ஜனவரி மாதம் முழுக்கக் காலை 290, மாலை 290. பம்ப் அடித்த பிறகும் 290. நான் அதைப் பார்த்து, பாவம் பரவாயில்லை, என் அளவுக்கு மோசமில்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நினைத்தேன். ஏப்ரலில் அது 270 ஆனது. காலையும் மாலையும் 270. மாதத்துக்கு ஆறேழு குறைவது, தராசிலும் நாளாக ஆக வரும் தேய்மானம் மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் எழுதினேன். ஒரு நாளும் விடவில்லை. அந்த நோட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாததுதான் பாக்கி.

மே மாதம் அவள் எடை ஐம்பத்துமூன்றிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு வந்தது. "டயட் இருக்கேன்னு நெனச்சுக்கோங்க" என்றாள். ஜூனில் அமீர்பேட் மெட்ரோ நிலையப் படிகளில் நடுவில் நின்று, யாருக்கோ போன் செய்வதுபோல் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வதாக அவள் அம்மாவிடம் சொன்னாள். பின்னால் வருகிறவர்கள் தள்ளாமல் இருப்பதற்காக. ஜூலையில் என்னிடமே சொன்னாள்: "அப்பா, ஒரு பக்கம் மட்டும் கனமா இருக்கு. யாரோ கைய வெச்சு அமுக்கற மாதிரி."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் டாக்டர் என்னைத் திரும்பச் சொன்னது, ஸ்டெதஸ்கோப்பின் குளிர், எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் சொன்னது, "மழைக்காலம் முடியட்டும், சரியாகும்." வயதானவன் பயத்தில் பேசும் பேச்சு நிதானமான பேச்சைப் போலவே கேட்கும். அவள் நம்பினாள். நான் நோட்டில் ஒரு நாளும் தவறாக எழுதியதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் முதல் வாரம் காய்ச்சல். ஸ்கேன் எடுத்தார்கள். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி காற்றுப் போகாமல் சுருங்கிக் கிடந்தது. 14ஆம் தேதி திங்கட்கிழமை, வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். ஐம்பது வயது இருக்கும். சாந்தமான மனிதர். ஸ்கேனைப் பார்த்தவர், எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டார். நான் வழக்கம்போல நோட்டை நீட்டினேன். அதற்குள் என்ன வைத்திருந்தேன் என்பது அந்த நிமிடம் எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. பெருமைதான் முன்னால் வந்தது.

இரண்டு நிமிடம் பக்கங்களைப் புரட்டினார்.

"இதை எழுதியது நீங்களா சார்? அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் நோயாளிகளிடம் எழுதச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்." பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இது உங்களுடையது. இது இவருடையது. இரண்டையும் என்றைக்காவது சேர்த்துப் பார்த்தீர்களா?"

"தினமும்."

"உங்கள் எண் ஏறி இறங்குகிறது. ஆஸ்துமாவில் குழாய் இறுகும், தளரும், பம்ப் அடித்தால் திறக்கும். இவருக்கு எதுவும் நடக்கவில்லை. காலையும் மாலையும் ஒன்று. மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்று. அப்படியென்றால் வழியில் ஏதோ நிலையாக அடைத்துக்கொண்டிருக்கிறது. இது எப்போது ஆரம்பிக்கிறது, பார்க்கிறேன்."

பின்னோக்கிப் புரட்டினார். ஜூன், ஏப்ரல், பிப்ரவரி, ஜனவரி. நாலாக மடித்த காகிதம் விழுந்தது. மேசையைத் தாண்டி, மகளின் செருப்புக்குப் பக்கத்தில்.

அவள் எடுத்தாள். பிரித்தாள். ஆங்கிலத்தில் மூன்று வரி, கடைசியில் ஒரு கேள்விக்குறி. மேலே அவள் பெயர், அவள் வயது, தேதி. படித்து முடித்துவிட்டு மறுபடி தேதியைப் பார்த்தாள். டாக்டர் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

"யார் இந்த டாக்டர்?" என்று கேட்டார் அவர். "வெறும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு பிடித்திருக்கிறாரே." அப்புறம் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார், கழற்றினார், போட்டார்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு என்னோடு பள்ளிக்கு வருவாள். வழி முழுக்க ஒரே கேள்வி. இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பழகி 'கைக்கு' என்பாள். ஏன் என்று அர்த்தம். சிக்னல் ஏன் சிவப்பு, கைக்கு. அந்த எருமைக்கு ஏன் வண்டி இல்லை, கைக்கு. ஒரு நாள் வீட்டிலிருந்து பள்ளி வரை நாற்பத்தொரு கைக்கு எண்ணியிருக்கிறேன். அவளை அடக்க ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடியும் என்று. ஒன்பது வயதில் எழுபத்துமூன்று வரை எண்ணினாள். முகம் சிவந்து, எழுபத்துமூன்றில் நின்று, "பீட் பண்ணுங்க பாக்கலாம்" என்றாள். என்னால் நாற்பதைத் தாண்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்தோம். மழைக்கு முன் வரும் காற்று. மேம்பாலம் ஏறும்போது அவள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"கைக்கு அப்பா?"

ஒரே முறைதான் கேட்டாள். நான் கல்யாணம் என்று ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டாள்.

16ஆம் தேதி பிராங்கோஸ்கோபி. மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு உள்ளே பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து சொன்னார். இடது பக்கப் பெரிய மூச்சுக்குழாயின் சுவரில் தயிர் படிந்தாற்போல் வெள்ளையாகப் புண். நடுவில் மிஞ்சிய வழி பென்சில் முனை அளவு. துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் அன்று மாலையே காசநோய்க் கிருமி என்று உறுதியானது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான். அது ஒரு நல்ல செய்தி. "ஜனவரியில் பார்த்திருந்தால்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போது தழும்பு விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

நான் பயந்தபடியே அரசாங்கப் பதிவில் பெயர் ஏறியது. வீட்டுக்கு ஆள் வந்தது. சுகாதாரத் துறைப் பெண்மணி ஒருவர், தோளில் பை, கையில் குடை. எனக்கும் என் மனைவிக்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று பின்னால் வந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர் வீட்டு அம்மாள் மட்டும், தன் தம்பிக்கும் இருந்தது, இப்போது அவன் மாரத்தான் ஓடுகிறான் என்று சொல்லிவிட்டு ஒரு டஜன் முட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

"இருமல் எப்போ ஆரம்பிச்சது சார்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"2022 அக்டோபர் 9, இரவு எட்டேகால்."

அவர் சிரித்தார். "இவ்வளவு கரெக்டா எனக்கு யாரும் சொன்னதே இல்ல."

மகள் அறையின் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு மூன்று மாத்திரை, நூற்று அறுபத்தெட்டு நாள். ஐந்நூற்று நான்கு மாத்திரைகள். முதல் நாள் நான் காகிதத்தில் கட்டம் போட்டு, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வந்து மாத்திரை அட்டைகளை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறேன் அப்பா. நீங்க எண்ண வேணாம்."

"மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன்."

அப்புறம் பீக் ஃப்ளோ மீட்டரையும் எடுத்து என் மேசையில், என் பக்கமாக வைத்தாள். அதன் பிறகு அவள் ஊதவில்லை. நோட்டின் வலது பக்கம் 2023 ஆகஸ்ட் 14, காலை 220 என்பதோடு நின்றுவிட்டது.

கிருமி போய்விட்டது. 2024 ஜனவரிக் கடைசியில் மருந்து முடிந்தது. டாக்டர் கை கொடுத்தார். ஆனால் புண் ஆற ஆற, அந்தப் பெண் டாக்டர் சொன்னபடியே, தழும்பு குழாயை நெருக்கிக்கொண்டே வந்தது. பலூன் விட்டு விரித்தார்கள். ஐந்து வாரத்தில் மூடிக்கொண்டது. மறுபடி விரித்தார்கள். மூன்றாவது முறை விரித்தபோது பதினெட்டு நாள்தான் தாங்கியது. உள்ளே காற்றுப் போகாத நுரையீரலில் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. 2024 ஜூன் மாதம், இடது நுரையீரலை எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள், வார்டில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் திரைக்கு அந்தப் பக்கம் அவளிடம் சொன்னது கேட்டது. "ஒரே மூச்சில் எண்ணுங்கள் பார்க்கலாம். எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு."

நான் திரைக்கு இந்தப் பக்கம் இளநீரோடு நின்றிருந்தேன். அவள் எண்ணினாள். பதினான்கில் நின்றது. கொஞ்சம் இளைப்பு. "பரவாயில்லை, நாளைக்குப் பதினைந்து" என்றாள் அந்தப் பெண். நான் இளநீரை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அந்தப் பதினான்கை நான் எங்கும் எழுதவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மாடியில். இருபத்திரண்டு படி. அதைக் காரணம் சொல்லி அவள் சைனிக்புரியில் தரைத்தளமாக ஒரு சின்னப் போர்ஷனுக்குக் குடிபோனாள். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் வீடு, அமைதியான தெரு, வாசலில் வேப்பமரம். அமீர்பேட் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பாடம் எடுக்கிறாள். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். மாணவர்களுக்கு அது வசதியாக இருக்கிறதாம், குறிப்பு எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்கிறார்களாம். இதை அவள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

என் மீது கோபம் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். "நல்லா இருக்கீங்களா அப்பா? பம்ப் ஒழுங்கா அடிக்கறீங்களா?" என்கிறாள். நான் என்ன சொன்னாலும் "சரிப்பா" என்கிறாள். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் மூன்று எதிர்ப்பேச்சு வரும். வெயிலில் போகாதே என்றால் கைக்கு, குடை எடு என்றால் கைக்கு. இப்போது எதற்கும் காரணம் கேட்பதில்லை.

"அவ மன்னிச்சுட்டா. நீங்கதான் அதையே போட்டு ஒழட்டிக்கிட்டு இருக்கீங்க" என்கிறாள் என் மனைவி.

இருக்கலாம்.

இனி செலவு. மாத்திரை இலவசம். பிராங்கோஸ்கோபி, ஸ்கேன்கள், மூன்று பலூன், அறுவை சிகிச்சை, பன்னிரண்டு நாள் அறை வாடகை, ஆட்டோ, இளநீர் எல்லாம் சேர்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டி வைத்திருந்தேன். ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். அதைக் கொடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்தப் பக்கத்தை மகள் கேட்டாள் என்று என் மனைவி செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எதற்கென்று அவளுக்கும் தெரியாது.

2024 ஜூலை முதல் தேதி என் வங்கிக் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் வந்து விழுந்தது. போன் செய்து, நக்கோ, வேண்டாம் என்றேன். "இருக்கட்டும்பா" என்றாள். ஆகஸ்டில் முப்பதாயிரம். செப்டம்பரில் முப்பதாயிரம். நான் அவளுக்கே திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை அது மறுபடி என் கணக்கில் இருந்தது. அதன் பிறகு அனுப்பவில்லை. பதினேழு மாதம், ஒரு தேதி தவறவில்லை. 2025 டிசம்பர் 1ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐந்து, லேசான மூடுபனி, பதினெட்டாவது முறையாகச் செல்போன் ஒலித்தது. இந்தத் தடவை எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. இளநீர் வரை கணக்குத் தீர்த்துவிட்டாள். என்னிடமிருந்து அவளுக்குப் போனது மூச்சு இல்லை, இந்தக் கணக்குதான் போலிருக்கிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். என் மகளின் நோயில் எனக்கு ஆன மொத்தச் செலவு, ரூபாய் 0.